பிடியரிசிக்கு லேபிள் கேட்டார்கள்

1

என் சமையலறை மூலையில் ஒரு நீல பிளாஸ்டிக் டிரம் நிற்கிறது. போன வாரம்வரை அதற்குள் இருபத்துமூன்று குடும்பங்களின் தாராள மனசு இருந்தது. மனசு என்றது ஒரு மரியாதைக்கு. இருந்தது அரிசி. பாசுமதி, பொன்னி, சோனா மசூரி, இட்லி அரிசி, யாரோ உடம்பு இளைக்க வாங்கி இரண்டே நாளில் வெறுத்துப்போன சிவப்பரிசி, எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடந்தன. நடுநடுவே வண்டு. இதைக் கொண்டுபோய் ஏழைகளுக்குக் கொடுக்கலாம் என்று ஒரு புத்திசாலி யோசனை சொன்னாள். அந்தப் புத்திசாலி நான்தான்.

இந்தப் பெரிய வெள்ளியோடு நான் இங்கிலாந்துக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. வந்த புதிதில் எழுதியிருந்தால் பனி, ரயில், பூங்கா என்று உங்களைப் படுத்தியிருப்பேன். தப்பித்தீர்கள். இப்போது எழுதுவதற்கு என்னிடம் இந்த டிரம் மட்டும்தான் உண்டு.

2

பசுமலையில் எங்கள் வீட்டு அடுப்படியில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கும். அம்மா உலைக்கு அரிசி அளந்ததும், களைவதற்கு முன்பு அதிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளி டின்னில் போடுவாள். அதுதான் பிடியரிசி. எங்களைப் போன்ற கிறிஸ்தவ வீடுகளில் வெகுகாலமாக உள்ள வழக்கம். மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை டின்னைச் சர்ச்சுக்கு எடுத்துப்போய், அங்கே உள்ள மரப்பெட்டியில் கொட்டிவிட்டு வருவாள்.

அம்மாவுக்கு இதில் ஒரே ஒரு சட்டம். "நம்ம உலையில போடுற அரிசியில இருந்துதான் எடுக்கணும். அதுக்குன்னு தனியா மட்டமா வாங்கி வச்சுப் போட்டா, அது காணிக்கை இல்ல, கழிவு."

இந்தச் சட்டம் எங்கள் வீட்டோடு நின்றுவிட்டது. கல்லூரியில் படிக்கும்போது வாலிபர் சங்கத்தில் நானும் ஓர் உற்சாகப் பேர்வழி. மரப்பெட்டியைச் சுத்தம் செய்யும் வேலையை யாரும் தரும் முன்பே பிடுங்கிக்கொண்டேன். எங்கள் தெருவில் எந்தெந்த வீட்டில் சீரகச் சம்பா பிரியாணி வேகும் என்று வாசனையிலேயே சொல்லிவிடுவேன். பெட்டியில் ஒரு மணி சீரகச் சம்பாகூட என் கண்ணில் பட்டதில்லை. ரேஷன் அரிசி, குருணை, போன வருடத்துப் புழு. அதே வீட்டுக்காரர்கள் சர்ச்சுக்குக் கொடுத்த மின்விசிறியில் மட்டும் மூன்று இறக்கையிலும் பெயர் இருக்கும். விசிறி சுற்றினால் பெயர் தெரியவில்லை என்று பிரசங்க நேரத்தில் அதை நிறுத்திவைக்கச் சொன்ன மகான் ஒருவர் உண்டு. பங்குனி வெயிலில் நாங்கள் எல்லோரும் அவர் பெயரைப் பார்த்துக்கொண்டே வியர்த்தோம்.

பெரிய வெள்ளியன்று மூன்று மணி நேர மும்மணி ஆராதனை முடிந்ததும் அந்தப் பெட்டி அரிசியில் கஞ்சி காய்ச்சி ஊற்றுவார்கள். அவரவர் டம்ளரோடு வெயிலில் வரிசையில் நிற்க வேண்டும். வக்கீலும் நிற்பார், தெரு கூட்டுகிற அம்மாவும் நிற்பார். எனக்கு அந்தக் கஞ்சியைக் கண்டாலே குமட்டும். ஆண்டவர் பட்ட பாடு போதாதா, நாங்களும் படவேண்டுமா என்று கேட்டு அம்மாவிடம் முதுகில் ஒன்று வாங்கியிருக்கிறேன்.

3

இங்கே எங்கள் தமிழ்ச் சபை, வெள்ளைக்காரர்களின் சர்ச் ஒன்றில் மண்டபத்தை மட்டும் வாடகைக்கு எடுத்து, ஞாயிறு பிற்பகல் கூடுகிறது. செயலாளர் ஞானராஜ் அண்ணன். எங்கள் பசுமலைப் பக்கத்து அரசரடிக்காரர். வந்து இருபது வருடம் ஆகிவிட்டது. அறிவிப்பு வாசிக்கும்போது மட்டும் அவருக்குப் பழைய வேதாகமத் தமிழ் வந்துவிடும். "ஆராதனைக்குப் பின்பு அன்பின் விருந்து உண்டாயிருக்கிறது" என்பார். அந்த அன்புக்கு ஓர் உறுப்பினர் பட்டியல் உண்டு. பட்டியலில் பெயர் இருந்தால் தட்டு. இல்லாவிட்டால், "விருந்தாளியா? யாரு கூட வந்தீங்க?" என்றொரு விசாரணை.

பிள்ளைகள் கடைசி வரிசையில் கைபேசியும் தாங்களுமாக இருப்பார்கள். ஞானராஜ் அண்ணனின் பதினான்கு வயது மகளுக்குப் பாட்டுப் புத்தகத்தின் எந்தப் பக்கம் மேலே என்றுகூடத் தெரியாது. வீட்டில் அவர் தமிழில் திட்டினால் அவள் ஆங்கிலத்தில் மன்னிக்கிறாளாம். பெருமையாகச் சொல்கிறார்.

இந்தக் கூட்டத்துக்குள் போன ஐப்பசியில் செல்வி வந்தாள். அவளும் எங்கள் பக்கம்தான், சமயநல்லூர்ப் பெண். சாமி கும்பிடுகிற வீடு, நெல் போடுகிற குடும்பம். இங்கே மேற்படிப்புக்கு வந்தவள், தமிழ் பேசக் கேட்டு உள்ளே நுழைந்துவிட்டாள். பாட்டுக்கு வாயசைப்பாள், ஜெபத்துக்குக் கண்ணை மூடுவாள், விருந்து முடிந்ததும் எல்லாப் பாத்திரமும் அவள்தான் கழுவுவாள். மிஞ்சிய சோற்றை ஒரு டப்பாவில் எடுத்துப் போவாள்.

"அந்தப் புள்ள சாப்பாட்டுக்குன்னே வருது மாப்ள" என்று ஞானராஜ் அண்ணன் பொருளாளரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. எனக்குக் கொதித்தது. அந்தச் சூட்டிலேயே நான் என்ன செய்தேன் தெரியுமா? செல்வியை என் வாட்ஸ்அப் குழுவில் சேர்த்தேன். தினமும் காலை ஆறு மணிக்கு, சூரியன் உதிக்கிற படத்தில் ஒரு வசனம். ஆத்தும ஆகாரமாம்! அவளும் தவறாமல் கும்பிடுகிற கை ஒன்றை அனுப்புவாள். ஓர் ஆத்துமாவைப் போஷிக்கிறோம் என்று நான் பல் துலக்கப் போவேன்.

அம்மா அந்த நேரத்துக்குத்தான் கூப்பிடுவாள். அங்கே மதியம் நெருங்கியிருக்கும்.

"சாப்டியாடி?"

"சாப்டேன்மா."

"என்ன சாப்ட?"

"அம்மா, எம்.எஸ்சி. முடிச்ச பிள்ளைகிட்ட தினம் இதையே கேப்பியா? உனக்கு வேற கேள்வியே கிடையாதா?"

"இதுக்கே ஒழுங்கா பதில் சொல்ல மாட்டேங்குற. இதுல வேற கேள்வி எதுக்கு?"

4

தவக்காலம் தொடங்கியபோது எனக்கு யோசனை உதித்தது. பிடியரிசி! இங்கேயும் தொடங்குவோம். நாற்பது நாள் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிடி. சேர்ந்ததை ஊர் உணவு வங்கிக்குக் கொடுப்போம். சாப்பாட்டுக்கு இல்லாதவர்களுக்குப் பொருள் கொடுக்கிற இடம் அது. நான் எழுந்து ஐந்து நிமிடம் பேசினேன். கைகூடத் தட்டினார்கள். ஞானராஜ் அண்ணன் அதே இடத்தில் பதாகைக்கு வாசகம் யோசிக்க ஆரம்பித்துவிட்டார்.

இங்கே யார் தினமும் உலை வைக்கிறார்கள்? ஞாயிறு ஒருநாள் பொங்கி, டப்பாக்களில் அடைத்து, வெள்ளிவரை சூடுபண்ணித் தின்கிற கூட்டம் நாங்கள். ஆகவே பிடியெல்லாம் யாரும் பிடிக்கவில்லை. கொடுக்க வேண்டிய நாள் நெருங்கியதும் அலமாரியின் அடித்தட்டைக் குடைந்து, தேதி போனதை, வண்டு வைத்ததை, ஊரிலிருந்து மாமியார் கொண்டுவந்து மறந்துபோனதை அப்படியே கொண்டுவந்து கொட்டினார்கள். சபையின் சுத்தம் அமோகமாக நடந்தது, அலமாரிகளில்.

எனக்கு அருவருப்பாக இருந்தது. இருந்தாலும் திட்டம் என்னுடையதாயிற்றே. டிரம்மை விடுவேனா?

5

செவ்வாய்க்கிழமை மதியம் லீவு போட்டேன். செல்வி கூட வந்தாள். நான்தான் கூப்பிட்டேன். முதலில் "வேணாம்க்கா, எனக்குக் கிளாஸ் இருக்கு" என்றாள். "ஒரு மணி நேரம்டி, சேவை செய்யக் கசக்குதா?" என்று இழுத்துக்கொண்டு போனேன். இரண்டு பெரிய பைகளில் மாதிரிக்குக் கொஞ்சம் அரிசி.

உணவு வங்கியில் நரைத்த தலையோடு ஒரு பெண்மணி, மார்கரெட். சிரித்த முகம். ஒரு படிவத்தை நீட்டினார். இந்த நாட்டில் சாவதற்கும் படிவம் உண்டு, சாப்பிடுவதற்கு இருக்காதா?

பொருளின் பெயர்: கைப்பிடி அரிசி என்று ஆங்கிலத்தில் எழுதினேன். தயாரிப்பாளர்: இருபத்துமூன்று குடும்பங்கள். ஒவ்வாமை தரக்கூடியவை: வண்டைச் சேர்ப்பதா என்று யோசித்து, விட்டுவிட்டேன். காலாவதி தேதி என்ற இடத்தில் பேனா நின்றது.

மார்கரெட் பையைத் திறந்து பார்த்தார். முகம் மாறவில்லை. பொறுமையாக விளக்கினார். பிரிக்காத உறை வேண்டும், அதில் லேபிள் வேண்டும், தேதி வேண்டும். நான் விடவில்லை. இது எங்கள் பாரம்பரியம், இதற்கு ஜெபம் செய்திருக்கிறோம், இது வெறும் அரிசி இல்லை என்று வேகவேகமாகச் சொன்னேன்.

அவர் கேட்டுவிட்டு, குத்தலே இல்லாமல், தெரிந்துகொள்கிற ஆசையில் கேட்டார்:

"நீங்கள் இதைச் சாப்பிடுவீர்களா?"

நான் பையின் வாயைச் சுருட்டி மூடினேன். அவர் என் தோளுக்குப் பின்னால் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அட, செல்வி! உங்கள் முறை வியாழக்கிழமைதானே?"

6

பேருந்து நிறுத்தத்தில் இரண்டு பைகளும் எங்களுக்கு நடுவே இருந்தன. மழை தூறியது. ஒரு பேருந்து வந்தது. நாங்கள் ஏறவில்லை.

"எப்ப இருந்து செல்வி?"

"தை மாசத்துல இருந்துக்கா. கடையில வேலை நேரத்தக் கொறச்சுட்டாய்ங்க. காலேஜ்ல ஒரு மேடம் இங்கன சாமான் வாங்கச் சீட்டு எழுதிக் குடுத்தாக."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"எங்கன சொல்ல? காலையில வசனம் அனுப்புவீங்க. நான் கும்புடுற கையப் போடுவேன். அம்புட்டுத்தானக்கா நம்ம பேச்சு?"

நான் பையின் காதைத் திருகிக்கொண்டிருந்தேன்.

"தப்பா எடுத்துக்காதீங்க. நான் சாப்டேனான்னு நீங்க ஒருநாள்கூடக் கேக்கல. நம்ம ஊர்ல கடன்காரன்கூடக் கேட்டுட்டுத்தான் சண்டைக்கு வருவான்."

அப்புறம் மெதுவாகச் சொன்னாள். "வண்டியூர் தெப்பத் திருநாளுக்கு வர்ற சனத்துக்கு அன்னதானம் போட, வருசா வருசம் எங்க அப்பா சொந்த நெல்ல அரைச்சு மூட்டையா எறக்குவாரு. அவரு மக இங்கன வரிசையில நிக்கிறான்னு தெரிஞ்சுச்சு, அடுத்த பிளைட்டுல வந்து கூட்டிட்டுப் போயிருவாரு. படிப்பு அம்புட்டுத்தான். சர்ச்சுல சொல்லிறாதீங்கக்கா. அந்தச் செயலாளர் அண்ணே ஊருக்குப் போன் போட்டுச் சொல்லிருவாரு. சொல்லிட்டு ஜெபமும் பண்ணுவாரு."

"சொல்ல மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

வீட்டுக்கு வந்து கைபேசியைத் திறந்தேன். ஐந்து மாதமாக நான் அனுப்பிய வசனங்களை மேலிருந்து கீழே தள்ளிப் பார்த்தேன். ஒன்றைக்கூட நான் நின்று வாசித்ததில்லை. யாரோ எனக்கு அனுப்பியதை, சூரியனோடு சேர்த்து, அப்படியே அவள் பக்கம் தள்ளியிருக்கிறேன். என் உலையில் ஒருநாளும் வேகாதவை. அலமாரி அடித்தட்டைக் குடைந்தவர்களைப் பார்த்து முகம் சுளித்தேனே! அவர்களாவது அரிசியைக் கொடுத்தார்கள்.

7

குருத்தோலை ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஞானராஜ் அண்ணன், பொருளாளரும் கூட நிற்க, என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா ஜெனி, அரிசியக் குடுத்தாச்சா? போட்டோ எங்க?"

"வாங்க மாட்டேன்னுட்டாங்க அண்ணே. லேபிள் வேணுமாம்."

"பாத்தியா மாப்ள! சும்மா குடுத்தாலும் வேணாங்கிறாய்ங்க. பசிச்சவனுக்கு லேபிள் என்னத்துக்குங்கிறேன்? சரி விடு, பார்க்குல பறவைகளுக்குப் போட்ருவோம். அதுவும் ஆண்டவர் படைப்புதான. போட்டோவும் நல்லா வரும்."

பாத்திரம் கழுவுகிற தொட்டியில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. செல்வி. அவள் அங்கே நிற்கும்போது அரிசியைப் புறாவுக்குப் போடத் திட்டம் போடுகிறோம். வாயைத் திறந்து எல்லாவற்றையும் கொட்டிவிடலாம் போலிருந்தது. சத்தியம் செய்திருந்தேன்.

"பெரிய வெள்ளிக்குக் கஞ்சி காய்ச்சலாம் அண்ணே, நம்ம ஊர் மாதிரி."

"கஞ்சியா? எந்தப் பிள்ள குடிக்கும்? பன்னு சொல்லியாச்சும்மா. மெம்பர் லிஸ்ட்படி எண்ணிச் சொல்லியிருக்கு. லிஸ்ட்டுல இல்லாத ஆளுகளுக்கெல்லாம்..." என்று தொட்டிப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார்.

பொழுது சாய்கிறது, கூட்டத்தை அனுப்பிவிடும், போய் எங்கேயாவது வாங்கித் தின்னட்டும் என்று சீஷர்கள் ஆண்டவரிடம் சொன்ன கதையை இவரே போன மாதம் உருகி உருகிப் பேசினார். நீங்களே அவர்களுக்குக் கொடுங்கள் என்று பதில் வந்ததையும் பேசினார். பேசினால் போதும் என்பது அவர் எண்ணம். என் எண்ணமும் அதுவாகத்தானே இருந்தது? மார்கரெட்டின் கேள்வியை அப்படியே கைமாற்றினேன்.

"நம்ம எல்லாரும் போட்ட அரிசிதான அண்ணே? நீங்க இதைச் சாப்பிட மாட்டீங்களா?"

பக்கத்தில் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். அவருக்கு எந்தப் பையில் என்ன போட்டோம் என்ற நினைப்பு வந்திருக்க வேண்டும். காது சிவந்தது.

"சாப்பிடுவேன். ஏன் சாப்பிடாம? வேதம் படிச்சவன்மா நான்."

"அப்ப கஞ்சிக்கு லிஸ்ட் வேணாம்ல அண்ணே? அண்டாவுல என்ன லிஸ்ட்?"

"வேணாம் வேணாம்" என்று கைபேசியை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு போனார். அது ஒலிக்கவேயில்லை.

8

வியாழக்கிழமை மாலை செல்வி என் வீட்டுக்கு வந்தாள். முறத்துக்கு எங்கே போவது? கேக் சுடுகிற தட்டை எடுத்தேன். நான் தட்டியதில் அரிசி பறந்தது, வண்டு தட்டிலேயே இருந்தது.

"இங்குட்டுக் குடுங்க. ஒரு அரிசி பொடைக்கத் தெரியல, எம்.எஸ்சி.யாம்!" என்று பிடுங்கிக்கொண்டாள். அவள் மணிக்கட்டு அசைந்த அசைப்பில் வண்டும் உமியும் கல்லும் தனித்தனியே நகர்ந்தன. பழுத்து நாறியதை முகர்ந்து பார்த்தே ஒதுக்கினாள். டிரம்மில் பாதி குப்பைக்குப் போயிற்று. மிச்சத்தில் ஒரு பிடியைச் சோறாக்கிப் பார்ப்போம் என்று நான் அவசரப்பட்டேன். பாசுமதி கூழாயிற்று, இட்லி அரிசி கல்லாகவே இருந்தது.

"கலப்பு அரிசி சோத்துக்கு ஆகாதுக்கா. கொழைய வெந்தாத்தான் எல்லாம் ஒண்ணாகும். கஞ்சிதான்."

பசுமலையில் ஏன் கஞ்சி காய்ச்சினார்கள் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஆண்டவரின் பாடுகளுக்காக என்று நினைத்திருந்தேன். அந்தப் பெட்டி அரிசியை வேறு எப்படியும் ஆக்க முடியாது.

வெள்ளிக்கிழமை விடியும் முன்பே மண்டபத்து அடுப்பில் ஏற்றினோம். பாசிப்பருப்பு, பூண்டு, வெந்தயம், தேங்காய்த் துவையல். ஆராதனை முடிந்து வந்தவர்கள் முதலில் பன்னைத்தான் பார்த்தார்கள். மூன்று மணி நேரம் உட்கார்ந்த பசிக்கு அந்தப் பன் என்ன காணும்? வரிசை அண்டாப் பக்கம் திரும்பியது. கரண்டி செல்வி கையில். காலை ஆறு மணிக்கு இரண்டு டம்ளர் குடித்துவிட்டுத்தான் அவள் கரண்டியைத் தொட்டாள். நான் முன்னால் நின்று பார்த்தேன்.

ஞானராஜ் அண்ணனின் மகள் இது என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டாள். "ரைஸ் சூப்" என்றார் அப்பா, இருபது வருட அனுபவத்தோடு. அவள் உறிஞ்சிப் பார்த்துவிட்டு இரண்டாம் முறை வந்து நின்றாள். அவரும் பின்னாலேயே காகிதக் குவளையை நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் ஊத்தும்மா."

ஆறு மாதத்தில் அவர் செல்வியிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை.

"நீங்க யாரு கூட வந்தீங்கண்ணே?" என்று கேட்டாள் செல்வி, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

அவருக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. அதற்குள் ஊற்றிவிட்டாள்.

மாலையில் சபையின் வாட்ஸ்அப் குழுவில் படம் வந்தது. "பசித்தோருக்கு உணவு: நம் சபையின் சேவை." படத்தில் குவளையும் கையுமாகக் கஞ்சி குடிப்பவர் ஞானராஜ் அண்ணன். இம்புட்டு உண்மையான ஒரு படத்தை அவர் இதுவரை போட்டதில்லை.

9

மறுநாள் சனிக்கிழமை. காலை ஆறு மணிக்கு விரல் பழக்கத்தில் சூரியனைத் தேடிப் போயிற்று. படத்தை அழித்தேன். செல்விக்கு மட்டும் எழுதினேன்.

"சாப்டியா?"

பார்த்துவிட்டாள் என்று தெரிந்தது. இந்தக் கேள்விக்கு நம் ஊரில் பதில் முன்கூட்டியே தயார். சாப்டேன் என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போவோம். அம்மாவிடம் நான் தினமும் சொல்வது அதுதான். பாதி நாள் பொய். அவளுக்கும் தெரியும். தெரிந்தும் மறுநாள் கேட்பாள்.

கைபேசி அதிர்ந்தது.

"பொய் சொல்லவா, நெசத்தச் சொல்லவா?"

"நெசம்."

"இல்ல."

"கெளம்பி வா."

"வாரேன்."

எழுந்து அரிசியை அளந்தேன். கை தானாக ஒரு பிடியை அள்ளித் தனியே வைக்கப் போனது. டிரம் மூலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. அள்ளியதைத் திரும்பப் பாத்திரத்திலேயே போட்டேன். மேலே இன்னொரு டம்ளர் அளந்து கொட்டி, எல்லாவற்றையும் சேர்த்துக் களைந்தேன்.